உன் வயதில் அந்தப் பிள்ளை என்ன செய்தது? செட்டிநாட்டு ஊர் வரலாற்றையும் பழைய பள்ளிக்கூடத்தையும் குழந்தைகளுக்குக் காட்ட ஒரு முழு வழிகாட்டி

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு வெளியே வந்ததும், சென்னையிலிருந்து வந்திருந்த எட்டு வயதுப் பையனிடம் "என்னப்பா பார்த்தே?" என்று கேட்டேன். பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று ஒரு மணி நேரம் சொல்லியிருந்தோம். அவன் மனதில் நின்றது ஒன்றே ஒன்று. சுண்ணாம்புப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்றோமே, அதுதான். "மொத்தம் எத்தனை முட்டை சார்?" என்றான். கூட வந்த பெரியவர்கள் சிரித்தார்கள். பதில் யாரிடமும் இல்லை.

நான் காரைக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மே மாத விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகளையும் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை காட்டுவதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். நிறையத் தப்பு செய்து, கழித்துக் கழித்து மிஞ்சியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: உன் வயதில், இதே ஊரில், நூறு வருடத்துக்கு முன்னால் இருந்த ஒரு பிள்ளை காலையில் எழுந்து என்ன செய்தது? வீடோ கோயிலோ கோட்டையோ, எதைக் காட்டினாலும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு காட்டினால் பிள்ளைகள் கூடவே வருகிறார்கள். "நம்ம பெருமை தெரியுமா?" என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுகிறார்கள்.

முதல் படி: ஆளும் நேரமும்

ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைகள், மிஞ்சினால் எட்டு. நான் ஒரு வருடம் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு மே மாத வெயிலில் பதினொரு மணிக்குக் கிளம்பினேன். இரண்டு பேருக்கு மயக்கம், ஒருவனுக்கு வாந்தி. அதோடு அந்த வருட வரலாறு முடிந்தது. வெளியே போகும் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிய வேண்டும். வீட்டுக்குள் செய்யும் வேலையை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் ஐந்து நாள் இருந்தால் நல்லது. இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் இரண்டாம் படியையும் நான்காம் படியையும் மட்டும் செய்யுங்கள். ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மணலில் எழுதுவதும் படியால் அளப்பதும் போதும், வருடக்கணக்கு வேண்டாம். பன்னிரண்டு தாண்டியவர்களுக்கு விளையாட்டு மட்டும் போதாது, சண்டை போட ஒரு விஷயம் வேண்டும். அது ஐந்தாம் படியில் வருகிறது.

இன்னொன்று. பெரிய வீட்டுப் பிள்ளைகளை மட்டும் சேர்க்காதீர்கள். அந்த வீட்டுக்கு நிலை செதுக்கிய ஆசாரி வீட்டுப் பேரன், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர் மகள், ஊருணிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் ஊர் முழுதாகத் தெரியும்.

இரண்டாம் படி: பெட்டியைத் திறப்பது

ஊரை வீட்டிலிருந்து தொடங்குங்கள். பரணிலோ இரண்டாங்கட்டு அறையிலோ ஒரு தகரப்பெட்டியாவது இருக்கும். அதைப் பெரியவர்கள் முன்னிலையில், அனுமதியோடு, பிள்ளைகளே திறக்கட்டும். என்ன தேடுவது? எழுத்தாணி, உடைந்த சிலேட்டு, பள்ளிச் சான்றிதழ், வகுப்புப் படம், ரங்கூன் அல்லது பினாங்கு தபால் முத்திரை உள்ள கடிதம், பழைய கல்யாணப் பத்திரிகை, மொய்ப்பண ஏடு, கணக்குப் பேரேடு, கொட்டான் (ஓலைக் கூடை). நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு என்றால் இசைகுடிமானம் இருக்கலாம். கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அது. பிள்ளைகளுக்கு அதில் பிடிப்பது கையெழுத்துதான்.

சாதாரணக் கூலி வீட்டில் என்ன இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு ரேஷன் அட்டை, ஒரு உளி, அம்மியில் தேய்ந்த குழவி எல்லாமே ஏடுதான். என் ஐயா ரங்கூனில், செட்டியார்கள் கடை வைத்துத் தங்கியிருந்த கிட்டங்கி ஒன்றில் சமையல்காரராக இருந்தவர். அவர் விட்டுப்போனது ஒரு பித்தளைக் கரண்டியும் ஒரு தபால் கார்டும். அந்தக் கார்டைப் பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் செய்தேன். நாலைந்து வருடத்தில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே மை மங்கிவிட்டது, இப்போது பிரிக்கவும் முடியாது. ஆகவே முதல் விதி: எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொட வேண்டும். நிழலில் வெள்ளைத் துணி விரித்து, செல்போனில் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்துவிட வேண்டும். ஓலைச்சுவடி இருந்தால் கயிற்றை இழுக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தெரிந்தவர் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

கடன் பத்திரம், பாகப்பிரிவினை போன்றவை வெளியே வந்தால் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வரலாறு தேடப் போய்ப் பங்காளிச் சண்டை கிளம்பிய வீடு எனக்குத் தெரியும்.

"இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் (கேட்கும்) கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லுங்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கிப் போட்டதையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அது சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக நிற்கிறது. இன்று தமிழ்நாட்டின் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் அந்தப் படியை ஏறாமல் முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது உடனே புரிகிறது. அன்று சாயங்காலமே மிட்டாய்த் தாள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சேர்க்கட்டும்.

மூன்றாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

"அப்பத்தா, உங்க பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு ஆத்தா" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. கேள்வி கையால் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போனீர்கள்? காலில் என்ன போட்டிருந்தீர்கள்? மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள், தூக்கில் என்ன இருந்தது? பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? யாரைத் தள்ளி உட்கார வைத்தார்கள்? எந்த வகுப்போடு நிறுத்தினார்கள், யார் நிறுத்தியது?

கடைசிக் கேள்விக்குப் பல ஆச்சிமார்கள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். பிள்ளைகளை முன்கூட்டியே பழக்கி வையுங்கள்: பெரியவர் சும்மா இருந்தால் நாமும் சும்மா இருக்க வேண்டும், அடுத்த கேள்விக்குத் தாவக்கூடாது. நாலு மணிக் காப்பிக்குப் பிறகு உட்காருவது நல்லது. இருபது நிமிடம் போதும். பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயதானவர்களுக்கு வருடம் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். அதை வருடமாக மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், துப்பறிவது மாதிரி இருக்கும். காந்தி செட்டிநாட்டுக்கு வந்தது 1927. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர். தேவகோட்டையில் கோர்ட்டைக் கொளுத்தியதும், திருவாடானை ஜெயிலை உடைத்து விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை மீட்டதும் 1942 ஆகஸ்ட். காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி. புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1948தான். காமராஜர் மதியச் சாப்பாடு 1956. நயா பைசா 1957 ஏப்ரல். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர். "புயல் அடிச்சப்போ நான் மூணாப்பு" என்று ஒருவர் சொன்னால், அவர் பிறந்த வருடத்தைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

சமஸ்தானம் என்றதும் ஒரு விஷயம். வெள்ளைக்காரன் காலத்தில் செட்டிநாடு ஒரே ஆட்சியின் கீழ் இல்லை. இராயவரம், கடியாபட்டி, அரிமளம் பக்கமெல்லாம் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட இராமநாதபுரம் ஜில்லா. சில மைல் நடந்தால் ராஜ்யமே மாறிவிடும். புதுக்கோட்டைக்கென்று அம்மன் காசு தனியாக இருந்தது. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுத்து. யார் வீட்டிலாவது ஒன்று கிடைத்தால் தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஒரு நாள் திண்ணைப் பள்ளி

இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள், ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். நிஜத் திண்ணை வேண்டும். செட்டிநாட்டில் அதற்கா பஞ்சம்? பூட்டிக் கிடக்கும் வீட்டுத் திண்ணையாக இருந்தாலும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பெருக்கித் தண்ணீர் தெளிப்பதையும் பிள்ளைகளே செய்யட்டும். அன்றைக்கும் அவர்கள்தான் செய்தார்கள்.

முந்தின நாளே மணலைச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துச் செம்மண் சரிவராது, விரலில் ஒட்டும், குறுணிக்கல் குத்தும். சலித்த மணல் ஆளுக்கு இரண்டு கை போதும்.

பள்ளி விடியும்போதே தொடங்கும். வந்த வரிசைக்கு ஒரு சடங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,000க்கும் மேல் மாணவர்கள் என்று வந்தது. அதற்காகப் பெல்லாரி கலெக்டர் 1823ல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி வருகிறது: முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயர், இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனிலிருந்து பிரம்படி, பிந்தப் பிந்த அடி கூடும். பெல்லாரி நமக்குத் தூரம்தான், ஆனால் வந்த வரிசைக்கு அடி என்பது தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் இருந்தது. நான் சாக்பீஸை நனைத்து முதல் ஆளின் கையில் பெயர் எழுதுவேன், இரண்டாம் ஆளுக்குச் சுழி, மற்றவர்களுக்குக் கோடு. அடி கிடையாது. மறுநாள் எல்லாரும் ஐந்தே முக்காலுக்கே வாசலில் நிற்பார்கள்.

வாத்தியாரை உபாத்தியாயர், கணக்காயர், தெற்கே அண்ணாவி என்றெல்லாம் சொன்னார்கள். அவருக்கு அடுத்த அதிகாரம் சட்டாம்பிள்ளைக்கு. மூத்த மாணவன், இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். பத்து நிமிடத்துக்கு ஒரு சட்டாம்பிள்ளை என்று மாற்றி மாற்றி வையுங்கள், இல்லையென்றால் ஒரே ஆள் ராஜாங்கம் பண்ணுவான். (இந்த ஏற்பாட்டைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் 1797ல் அதைப் பற்றி எழுதினார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். மணலில் எழுதியது நம் பிள்ளைகள், பெயர் வாங்கியது அவர்.)

முதலில் மணல். வாத்தியார் எழுத்தைச் சொல்ல, பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். சத்தம் முக்கியம். மௌனமாகப் படிப்பது அன்றைய பழக்கமே இல்லை, தெருக்கோடி வரைக்கும் கேட்டால்தான் பள்ளி நடப்பதாக அர்த்தம். அப்புறம் ஆத்திசூடியில் பத்து வரி, கொன்றைவேந்தனில் பத்து வரி, ஒருவர் சொல்ல மற்றவர் தொடர.

அடுத்து ஓலை. நம் பக்கம் பனைக்குக் குறைவில்லை. ரொம்ப இளசும் இல்லாமல் முற்றாமலும் இருக்கும் ஓலையாகப் பார்த்து ஈர்க்கை நீக்கி, நீளமாக நறுக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து நிழலில் உலர்த்துங்கள். இதற்கு மூன்று நாலு நாள் முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். எழுத்தாணிக்குப் பதில் முனை மழுங்கிய ஆணியைச் சிறு கட்டையில் பொருத்திக் கொடுக்கலாம். இடது கையில் ஓலை, வலது கையில் ஆணி, இடது கட்டைவிரல் நகம் ஆணிக்கு முட்டுக்கொடுக்கும். எழுதியதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். அப்போது அடுப்புக்கரியைக் கோவைக்கொடி இலைச் சாற்றில் குழைத்துத் தடவி, துணியால் துடையுங்கள். எழுத்து கறுப்பாக எழுந்து வரும். அந்த நிமிடம் திண்ணையில் எழும் சத்தத்துக்காகவே இதைச் செய்யலாம். பழங்காலத்தில் ஊமத்தை இலைச் சாறும் சேர்த்தார்கள். அது விஷம், பிள்ளைகள் கைக்கு வேண்டாம்.

எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அடுத்த புதிர் புரியும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும், ஆகவே புள்ளி வைக்கமாட்டார்கள். 'பளளிககூடம' என்று எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். 'கமபன' யார்? பிள்ளைகள் தங்களுக்குள் புள்ளி இல்லாத ஓலை எழுதி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் உங்களுக்கு வேலையே இல்லை. அதோடு அப்பத்தாவின் பழைய புத்தகத்தைத் திறந்து 'லை', 'னை', 'றா' எழுத்துகள் அப்போது எப்படி அச்சாயின என்று காட்டுங்கள். 'லை', 'னை'யில் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு வளைந்திருக்கும். 1978ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்த பிறகு மறைந்த வடிவங்கள் அவை.

பிறகு கணக்கு. செட்டிநாட்டில் இதைத் தட்டிக் கழித்தால் அது செட்டிநாடே இல்லை. ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பத்து ௰, நூறு ௱, ஆயிரம் ௲ என்று தனிக் குறி இருப்பதைக் காட்டுங்கள். 1919ஐப் பழைய முறையில் ௲௯௱௰௯ என்று எழுதுவார்கள், வாயால் சொல்வது அப்படியே ஏட்டில் ஏறும். பின்னங்களுக்கெல்லாம் பெயர் உண்டு: அரை, கால், அரைக்கால், மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. எட்டு வயதுப் பிள்ளைகள் இந்த வாய்பாட்டை எண்சுவடியிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார்கள்.

மனப்பாடம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம், படியைக் கொடுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். மணலை அளந்து அளந்து கொட்டட்டும். "ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?" என்றால் எட்டு என்று வாயால் வராது, கை சொல்லும். பெரிய பிள்ளைகளுக்கு வட்டிக்கணக்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பைசா (அந்தக் காலத்துப் பைசா). நூற்றுக்கு மாதம் பன்னிரண்டு அணா வட்டி என்றால் ஐந்நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு? மூன்று ரூபாய் பன்னிரண்டு அணா. வருட வட்டி நூற்றுக்கு எத்தனை? ஒன்பது. தாள், பேனா இல்லாமல் சொல்ல வேண்டும். போன வருடம் இதை முதலில் சொன்னவள் ஓர் இட்லிக்கடைக்காரர் மகள். அப்பாவுக்குச் சீட்டுக்கணக்கு பார்க்கிறவள்.

தண்டனையைப் பற்றி: இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துத் தொங்க வைக்கும் கோதண்டம் உண்டு, இன்னும் கொடுமைகள் உண்டு. சில மரபுத் திருவிழாக்களில் இதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இப்படி இருந்தது என்று ஒரு வரியில் சொன்னால் போதும்.

ஆனால் இன்னொன்றை ஒரு வரியில் தாண்ட முடியாது. திண்ணையில் யார் உட்காரவில்லை? பிரசங்கம் பண்ண வேண்டாம். எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, "அன்றைக்கு இருந்த மாதிரி ஆக்குவோம். பொண்ணுங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று சொல்லுங்கள். பாதித் திண்ணை காலியாகும். இந்தத் திண்ணையில் ஏறவே விடப்படாத சாதிப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். அதற்காக எந்தப் பிள்ளையையும் சாதி சொல்லி எழுப்பக்கூடாது, அது அதே கொடுமையைத் திரும்பச் செய்வது. காலியான இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும், கேள்விகள் தானாக வரும். ஒரு சிறுமி "அப்ப எங்க அப்பத்தா எப்படி சார் கணக்கு கத்துக்கிட்டாங்க?" என்றாள். "போய் அவங்களையே கேளு" என்று அனுப்பிவிட்டேன்.

பள்ளி விடுமுறை அமாவாசை, பௌர்ணமி, பிரதமை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. இதைச் சொன்னதும் நாள்காட்டியைப் பார்த்து எண்ண ஆரம்பிப்பார்கள், லாபமா நஷ்டமா என்று.

ஐந்தாம் படி: கடல் தாண்டிய பிள்ளை

திண்ணைப் படிப்பு முடித்த நகரத்தார் வீட்டுப் பையன் பத்துப் பன்னிரண்டு வயதில் என்ன ஆவான்? பலர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போனார்கள். கடைசிப் படியில் பெட்டியடிப் பையன், அதற்கு மேல் அடுத்தாள், அதற்கு மேல் மேலாள், ஊரில் முதலாளி. பெட்டியடிப் பையனின் வேலை கடையைப் பெருக்குவது, எடுபிடி செய்வது, பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகுவது. அம்மாவைப் பார்க்க வருடக்கணக்கில் ஆகும்.

மகிபாலன்பட்டியில் 1881ல் பிறந்த பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரும் சிறு வயதிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டவர்தான். பள்ளியில் இருந்தது சில மாதம். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சரியில்லை. திரும்பி வந்து தானாகப் படித்தார், வடமொழி கற்றார், கௌடில்யரின் பொருள்நூலை (அர்த்தசாஸ்திரம்) தமிழில் தந்தார், 1909ல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை எழ முக்கிய காரணமானார். படிப்பில் மந்தமான பிள்ளையை வைத்துக்கொண்டு கவலைப்படும் பெற்றோர் இருந்தால் இந்தக் கதையைச் சத்தமாகவே சொல்லலாம்.

வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) கோலப்பொடியால் பெரிய வரைபடம் போடுங்கள்: காரைக்குடி, நாகப்பட்டினம், சென்னை, கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன். ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஊரில் போய் நின்று வீட்டுக்கு ஒரு கார்டு எழுத வேண்டும். கார்டில் இடம் கொஞ்சம்தான், பத்து வரிக்குள் முடிக்க வேண்டும். இரண்டு வருடமாக வீட்டைப் பார்க்காத பதினொரு வயதுப் பையன் என்ன எழுதுவான், எதை எழுதாமல் விடுவான்? இரண்டாவதை யோசிக்கும்போது பிள்ளைகள் அமைதியாகி விடுகிறார்கள்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் உள்ளவர்களிடம் மறுபக்கத்தையும் வையுங்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்களிடம் வந்தது. 1930ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938ல் அது இருபத்தைந்து பங்கு. அதே வயதுப் பர்மியப் பிள்ளை ஒன்று தன் அப்பாவின் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்குமே, அது எழுதும் கார்டில் என்ன இருக்கும்? இதை எழுதச் சொன்னபோது ஒரு பெற்றோர் என்னிடம் கோபித்துக்கொண்டார். பையன் எழுதினான். அடுத்து 1941 டிசம்பரில் குண்டு விழுந்ததும், கப்பல் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானவர்கள் காடு மலை வழியாக இந்தியாவுக்கு நடந்தே வந்ததும். என் ஐயாவும் அப்படி வந்தவர்தான். கரண்டி கூட வந்தது.

ஆறாம் படி: ஊருக்குள் நடப்பது

இப்போதுதான் வெளியே கிளம்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஊர். காரைக்குடி என்றால் மூன்று இடம் போதும். இந்து மதாபிமான சங்கம் 1917ல் தொடங்கியது, 1919ல் பாரதியார் அங்கே வந்தார், அதன் மேல் பாட்டும் எழுதினார். தலைப்பாகையும் கையில் தடியுமாக நாம் எல்லாரும் பார்த்திருக்கும் பாரதி படம் அந்தக் காரைக்குடிப் பயணத்தில் எடுத்ததுதான். படத்தைக் கையில் கொண்டுபோய் அங்கே நின்று காட்டுங்கள். அடுத்து, சா. கணேசன் 1939ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் மணிமண்டபம். மூன்றாவது அழகப்பர் வளாகம். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947ல் கல்லூரி தொடங்கினார், மைய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள்.

அடிக்கல், கல்வெட்டு எங்கே கண்டாலும் நிறுத்துங்கள். யார் பெயர் பெரிய எழுத்தில், யார் பெயர் சின்ன எழுத்தில், கட்டிய கொத்தனார் பெயர் எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

இராயவரம் பக்கம் இருப்பவர்கள் அங்கேயே போகலாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922ல் பிறந்த ஊர். 1950ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியவர் அவர். மகிபாலன்பட்டியைப் பழைய பூங்குன்றம் என்பார்கள், "யாதும் ஊரே" பாடிய கணியனின் ஊர். நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கிறது, அந்த மண்ணைப் பிள்ளைகள் நாக்கில் வைத்தால் படிப்பு வரும் என்பது ஊர் நம்பிக்கை. திருப்பத்தூரில் மருது பாண்டியரைத் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. திருமயம் கோட்டை 1687ல் இராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஒரே நாளில் இத்தனையையும் வேனில் சுற்றினால் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது வேன்தான்.

எந்த ஊராக இருந்தாலும் ஊருணியை விட்டுவிடாதீர்கள். வற்றாத ஆறில்லாத சீமை இது. கூரைத் தண்ணீர் வளவுக்குள் விழுந்து, தெரு வடிகால் வழியாக ஓடி எங்கே சேர்ந்தது என்பதைப் பிள்ளைகள் காலால் நடந்து கண்டுபிடிக்கட்டும். யார் எந்தத் துறையில் தண்ணீர் எடுத்தார்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்கட்டும்.

ஏழாம் படி: நோட்டு

அச்சுப் புத்தகம், கண்காட்சி என்று பெரிதாகப் போகாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக. மூன்று நிறப் பேனா. கண்ணால் பார்த்ததை நீலத்தில், காதால் கேட்டதைப் பச்சையில், ஏட்டிலோ கல்லிலோ படித்ததைச் சிவப்பில் எழுத வேண்டும். இது ஒன்றுதான் கண்டிப்பான விதி. "எங்க வீட்டுக்கு ஆயிரம் ஜன்னல்" என்று ஒருவன் நீலத்தில் எழுதினால், "எண்ணினியா?" என்று மற்றவர்களே பிடித்துக்கொள்வார்கள். அவன் போய் எண்ணிவிட்டு வருவான்.

முடிந்ததும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று பெட்டியைத் திறந்துவிட்ட வீட்டுக்கு. பெட்டிக்குள்ளிருந்து எடுத்ததையெல்லாம் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு போட்டுத் திரும்ப வையுங்கள். என்னென்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கையாலேயே பட்டியல் எழுதி, மூடியின் உள்பக்கம் செருகி, தேதி போடச் சொல்லுங்கள்.

அந்த எட்டு வயதுப் பையன் இந்த வருடமும் வந்தான். பத்து வயது ஆகிவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் 'முட்டை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான். அதற்குக் கீழே ஒரு கொத்தனார் தாத்தாவின் வீடு இருக்கும் தெருப் பெயர்.